கொத்தன் மகனும் கதைக் கடையும்

1896-ஆம் ஆண்டு, ஜூன் திங்கள். இங்கிலாந்திலே வேக்ஃபீல்டு நகரத்துப் பிஷப்பு, ‘யார்க்ஷயர் போஸ்ட்’ நாளேட்டுக்குக் கடிதம் தீட்டுகிறார். புதிதாக வெளிவந்த நாவல் ஒன்றைத் தாம் வாங்கியதாகவும், அதன் திமிரும் ஆபாசமும் பொறுக்காமல் அதனைத் தீயிலே எறிந்துவிட்டதாகவும் நாடறிய அறிவிக்கிறார். அறிவிப்போடு நின்றாரா? இல்லை! ரயில் நிலையங்கள்தோறும் புத்தகக் கடையும், அவற்றோடு சேர்த்து வாடகை நூலகமும் நடத்திவந்த டபிள்யூ. எச். ஸ்மித் நிறுவனத்தின் தலைவருக்குத் தனியே எழுதி, அந்த நூலை நூலகத்திலிருந்தே அகற்றச் செய்தார். தீ எரித்தது ஒரே ஒரு படியை. கடிதம் எத்தனையோ கைகளிலிருந்து அந்நூலைப் பறித்தது.

நூலின் பெயர் ‘ஜூட் தி அப்ஸ்க்யூர்’. ஊர் பேர் தெரியாத ஜூட் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். எழுதியவர் தாமஸ் ஹார்டி, டார்செட் மாவட்டத்திலே வீடு கட்டிப் பிழைத்த கொத்தன் ஒருவரின் மகன். தாய், மணமாகுமுன் பிறர் வீட்டிலே பணிப்பெண்ணாக இருந்தவர்.

அப்படி என்னதான் எழுதிவிட்டார் அந்தக் கொத்தன் மகன்?

தாய் தந்தையற்ற ஏழைச் சிறுவன் ஜூட். ரொட்டி வண்டி ஓட்டிக்கொண்டே, மடியிலே புத்தகத்தை விரித்து லத்தீனும் கிரேக்கமும் தானே கற்கிறான். பிழைப்புக்குக் கல்தச்சு வேலை பழகுகிறான். அவன் கனவெல்லாம் கிறிஸ்ட்மின்ஸ்டர் என்னும் கல்வி நகரம். ஆக்ஸ்ஃபோர்டுக்கு ஹார்டி சூட்டிய கற்பனைப் பெயர் அது. அங்கே போகிறான். கல்லூரிச் சுவர்களின் சிதைந்த கற்களைச் செதுக்கிச் சீராக்குகிறான். பகலிலே சுவரைத் தொட உரிமையுண்டு. சுவருக்கு அப்பால் செல்ல உரிமையில்லை! கல்லூரித் தலைவர்களுக்குக் கடிதம் எழுதுகிறான், தனக்கு வழி உண்டா என்று. ஒருவர் மட்டும் பதில் போடுகிறார்: உன் தொழிலோடு நில், அதுவே உனக்கு நல்லது என்று. ஜூட் தன் பையிலிருந்த சுண்ணக்கட்டியை எடுத்து, நானும் உங்களைப்போல் அறிவுடையவன்தான் என்னும் பொருள்பட விவிலிய அடியொன்றை அந்தக் கல்லூரிச் சுவரிலேயே எழுதிவிட்டுப் போகிறான். பின்னர் வறுமை முற்றி, அந்தக் கல்லூரிகளின் வடிவத்திலே இனிப்பு ரொட்டி செய்து விற்கும் நிலைக்கு வருகிறான். கடைசியில், கல்லூரி விழாவின் ஆரவாரம் சன்னல் வழியே கேட்க, பக்கத்திலே ஒருவருமின்றி முப்பது வயதிலே சாகிறான்.

இது கதையின் ஒரு பாதி. மற்றொரு பாதி, பொருந்தா மணம் ஒன்றிலே சிக்கிய ஜூட், சூ என்னும் பெண்ணோடு மணச்சடங்கின்றி வாழ்ந்த வாழ்வும், அதனால் ஊரார் அவர்களை வீடுவீடாக விரட்டிய கொடுமையும்.

வாசகர் கண்டது எந்தப் பாதியை? மதிப்புரைகளைப் புரட்டினால் விளங்கும். ஓர் ஏடு தலைப்பிலேயே ‘ஆபாச ஜூட்’ என்று சொல் விளையாட்டு ஆடிற்று. 1896 சனவரியில் ‘பிளாக்வுட்ஸ்’ திங்களேட்டிலே மார்கரெட் ஆலிஃபன்ட் என்னும் மூத்த நாவலாசிரியை, ‘திருமண எதிர்ப்புச் சங்கம்’ என்று தலைப்பிட்டு, ஹார்டியை அந்தச் சங்கத்தின் உறுப்பினராக்கி, வரிந்து கட்டிக்கொண்டு தாக்கினார். இகழ்ந்தவர்களும் மணத்தைப் பற்றியே பேசினர். புகழ்ந்தவர்களிலும் பலர் மணத்தைப் பற்றியே பேசினர். மூடிய கல்லூரிக் கதவின் முன்னே நின்ற கல்தச்சனை ஏறெடுத்துப் பார்த்தவர் மிகச் சிலர்.

ஏன்? படித்தவர்கள் குருடரா? அல்லர். புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே, அது எந்த வகைக் கதை, அதிலே எதைத் தேட வேண்டும், எதற்கு அதிர்ச்சி அடைய வேண்டும் என்பதை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது ஒரு வாணிபம். அந்த வாணிபத்தின் வரலாறு சுவையானது. ஹார்டியின் வாழ்வு நெடுக அது அவரோடு மல்லுக்கு நின்றது.

அரை நூற்றாண்டு பின்னோக்கிச் செல்வோம். 1842-இல் லண்டனிலே சார்லஸ் எட்வர்டு மூடி என்பவர் வாடகை நூலகம் தொடங்கினார். மூடி! தமிழர் செவியிலே விழும்போதே பொருள் விளங்கிவிடும் பெயர். பெயருக்கேற்ற வேலையைத்தான் அவரும் பார்த்தார். ஆண்டுக்கு ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங், சந்தா. செலுத்தியவர் ஒரு நேரத்தில் ஒரு தொகுதி எடுத்துச் செல்லலாம், எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். நூலகத்தின் பெயரிலேயே ‘தேர்ந்தெடுத்த’ என்னும் சொல்லைச் சேர்த்திருந்தார். தேர்ந்தெடுத்தவர் யார்? அவரேதான்! பக்திப் பாடல்கள் புனைபவர், சமயச் சொற்பொழிவாளர். குடும்பத்துப் பெண்மக்கள் கூச்சமின்றிப் படிக்கத்தக்கது எதுவோ அதுவே தம் அலமாரியில் ஏறும் என்பது அவரது வாக்குறுதி. 1853 தொடங்கிப் பத்தாண்டுக் காலத்தில் ஏறத்தாழ 9,60,000 தொகுதிகள் அவர் அலமாரிகளில் ஏறின. அவற்றில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை நாவல்கள்.

சந்தா கட்டுவானேன், கடையில் வாங்கிப் படிக்கலாகாதா என்று கேட்பீர்கள். விலை விடவில்லை! 1821-இல் சர் வால்ட்டர் ஸ்காட்டின் நாவலொன்று மூன்று தொகுதிகளாக 31 ஷில்லிங் 6 பென்சுக்கு வந்தது. அந்த விலையே, புது நாவலின் விலையாக எழுபதாண்டுக்கு மேல் அசையாமல் நின்றது. அந்நூற்றாண்டின் நடுவிலே பண்ணைக் கூலியாளின் வாரக் கூலி ஏறத்தாழ 10 ஷில்லிங். மூன்று வாரம் குடும்பமே பட்டினி கிடந்தால் ஒரு நாவல் வாங்கலாம்! ஆகவே வாங்கியவர் மூடி போன்ற நூலகக்காரர்தாம். அவர்களுக்கோ பதிப்பாளர் பெருந்தள்ளுபடி தந்தனர். மூன்று தொகுதியாக இருப்பதிலே நூலகத்துக்கு இன்னொரு நயமும் உண்டு. ஒரே நாவல், ஒரே நேரத்தில் மூன்று வீடுகளுக்கு வாடகைக்குச் சென்றது.

இந்த வாணிப ஏற்பாடு கதையின் எலும்புக்குள்ளேயே புகுந்தது. மூன்று தொகுதியை நிரப்பியாக வேண்டும். முதல் தொகுதியிலே அறிமுகம். இரண்டாவதிலே பிரிவும் பிணக்கும். மூன்றாவதிலே மறைந்த உயிலொன்று வெளிப்பட்டுச் சொத்தும் சேரும், மணமும் முடியும். இப்படியே பல நூறு கதைகளைப் படித்துப் பழகிய வாசகர், மூன்றாம் தொகுதியைக் கையிலெடுத்ததுமே மணியோசைக்குக் காது தீட்டி உட்கார்ந்தார். முடிவு அவருக்கு முன்பே தெரியும். எழுத்தாளன் வேறு முடிவு சொன்னால், ஏமாற்றப்பட்டதாக எண்ணினார். 1891-இல் ஜார்ஜ் கிஸ்ஸிங், மூன்று தொகுதியை நிரப்ப முடியாமல் நலிந்து அழியும் ஓர் எழுத்தாளனின் கதையை எழுதினார். அந்தக் கதையும் மூன்று தொகுதியாகத்தான் வெளிவந்தது! பதிப்பாளர் அதன் உரிமைக்குத் தந்த தொகை 150 பவுன்.

இத்தகைய சந்தைக்குத்தான் 1868-இல் இளைஞர் ஹார்டி தமது முதல் நாவலைக் கொண்டுவந்தார். தலைப்பு ‘ஏழையும் சீமாட்டியும்’. பண்ணைக் குடியானவரின் மகன் ஒருவன், பண்ணையாரின் மகளைக் காதலிக்கும் கதை. பண்ணையாரையும் லண்டன் உயர்குடியினரையும் அரசியலையும் சமயத்தையும் ஒருசேரச் சாடியது அது. பொதுவுடைமை வாடை வீசியது என்று பிற்காலத்தில் ஹார்டியே குறித்தார். மாக்மில்லன் நிறுவனம் கையெழுத்துப் படியைப் படித்தது. உழைப்பாளி மக்களின் சித்திரம் நன்று. மேற்குடியினரை இப்படி ஒட்டுமொத்தமாகத் தாக்குவது சரியன்று என்றது. அடுத்து, சாப்மன் அண்டு ஹால் நிறுவனத்துக்காக அதைப் படித்துப் பார்த்தவர் ஜார்ஜ் மெரிடித், தாமே பெரிய நாவலாசிரியர். 1869-இல் ஹார்டியை நேரிலே அழைத்து அன்போடுதான் சொன்னார்: முதல் நூலிலேயே கொடியை உயர்த்திக் கட்டாதே, சிக்கலும் திருப்பமும் மிகுந்த கதை ஒன்று எழுது.

மெரிடித் தீங்கு நினைத்தவரல்லர். சந்தையின் நிலையைச் சொன்னார், அவ்வளவே. அந்தச் சந்தையிலே அப்போது கொடிகட்டிப் பறந்த சரக்கு ‘பரபரப்பு நாவல்’. 1860-இல் வில்கி காலின்ஸின் ‘வெள்ளையுடைப் பெண்’, 1862-இல் மேரி பிராடனின் ‘சீமாட்டி ஆட்லியின் இரகசியம்’ – கொலை, கள்ள மணம், பைத்தியக்கார விடுதி! 1863-இல் ‘குவார்ட்டர்லி ரெவியூ’வில் எழுதிய மான்சல் என்னும் பேராசிரியர், இந்தக் காய்ச்சலுக்குக் காரணம் பத்திரிகைத் தொடர்கதை, வாடகை நூலகம், ரயில் நிலையப் புத்தகக் கடை ஆகிய மூன்றும்தான் என்று சரியாகவே நோயைக் கண்டார், மருந்துதான் அவரிடம் இல்லை. நாவலாசிரியர்களை ‘பரபரப்பு’க்காரர், ‘பரபரப்பற்ற’வர் என இரு கொட்டடிகளிலே அடைத்துவிட்டார்களே என்று அந்தோணி டிராலப் சலித்துக்கொண்டதை அவரது தன்வரலாற்றிலே காணலாம். நல்ல நாவல் என்றால் இரண்டும் இருக்க வேண்டாமோ என்பது அவர் வாதம். நியாயமான வாதம். கேட்பார்தாம் இல்லை.

ஹார்டி கொடியைச் சுருட்டினார். 1871-இல் கொலையும் தீவிபத்தும் மறைத்த பிணமும் நிறைந்த ‘விபரீத வைத்தியங்கள்’ என்ற நாவல், பெயர் போடாமல் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. பதிப்பாளர் டின்ஸ்லி, பணம் போட்டவர் ஹார்டி! தமது சேமிப்பிலிருந்து 75 பவுன் முன்பணம் கட்டினார். ஏறத்தாழ 60 பவுன் திரும்பி வந்தது. ‘ஸ்பெக்டேட்டர்’ வார ஏடு கடுமையாக அடித்தது. வயல் வரப்பின் படிக்கட்டிலே உட்கார்ந்து அதைப் படித்த ஹார்டி, செத்துப்போனால் தேவலை என்று நினைத்தாராம். சில திங்களில், எக்ஸிட்டர் ரயில் நிலையத்துக் கடையிலே, கழித்துத் தள்ளும் சரக்கின் பட்டியலில் தம் நூலைக் கண்டார். மூன்று தொகுதியும் சேர்த்து 2 ஷில்லிங் 6 பென்ஸ்! ‘ஏழையும் சீமாட்டியும்’ அச்சேறவே இல்லை. கையெழுத்துப் படியும் அழிந்தது.

எனினும், மதிப்புரையாளர் ஒன்றைப் பாராட்டியிருந்தனர்: கிராமத்து மக்கள் பேசும் இடங்களை. வாணிபம் உடனே அடுத்த முத்திரையை எடுத்தது: நாட்டுப்புறக் கதைஞர்! 1872-இல் சிறிய கிராமியக் கதை ஒன்று. உரிமை விலை 30 பவுன். 1874-இல் ‘கார்ன்ஹில்’ திங்களேட்டிலே ‘ஃபார் ஃப்ரம் தி மேடிங் கிரவுடு’ தொடராக வந்தது. ஆட்டுப் பட்டி, அறுவடை, மேய்ப்பன் காதல். நாடே மகிழ்ந்தது. ஆசிரியர் பெயரின்றித் தொடங்கியதால், இதை எழுதியவர் ஜார்ஜ் எலியட்டோ என்றுகூட ஓர் ஏடு ஊகித்தது. அதன் பின் ஹார்டி எழுத விரும்பியது வேறு. பணிமகனின் மகளொருத்தி லண்டன் மேட்டுக்குடியினரிடையே தன் பிறப்பை மறைத்துப் புகுந்து, அவர்களை நகைக்கும் கதை. எழுதினார். வாசகர் முகம் சுளித்தனர். எங்கே ஆடுகள்? காலமெல்லாம் ஆட்டு மந்தையைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கும் எண்ணம் தமக்குச் சிறிதுமில்லை என்று ஹார்டி கூறிப் பார்த்தார். கூலிக்கார வீட்டின் கோபத்தை வேண்டாமென்ற அதே சந்தை, கூலிக்கார வீட்டின் கொச்சைப் பேச்சை மட்டும் கேட்டு வாங்கிற்று! உழைப்பாளியை ஓவியமாக்கி மாட்டிக்கொள்ள மாளிகைகள் தயார். அவன் வாய் திறந்து கணக்குக் கேட்டால்தான் தொல்லை.

1878-இல் வந்த ‘பிறந்த மண்ணுக்குத் திரும்பியவன்’ நாவலிலே ஒரு வேடிக்கை. செம்மண் சாயம் விற்றுத் திரியும் வென் என்னும் தனியன், இறுதியிலே தான் காதலித்த பெண்ணை மணந்து இன்புறுகிறான். முப்பத்து நான்கு ஆண்டு கழித்து, 1912 பதிப்பிலே, ஹார்டி அந்த இடத்தில் ஓர் அடிக்குறிப்புச் சேர்த்தார். முதலில் தாம் எண்ணியது இதுவன்று. வென் தனியனாகவே எங்கோ மறைந்துவிடுவதாகத்தான் திட்டம். தொடர்கதையாக வெளியிட்ட சூழ்நிலையால் முடிவு மாறிற்று. இரண்டு முடிவுகளில் வாசகர் தமக்கு உகந்ததைத் தேர்ந்துகொள்க என்று. தம் கதையின் முடிவு தம்முடையதன்று என ஒரு பெரும் எழுத்தாளர் தம் நூலுக்குள்ளேயே வாக்குமூலம் தருகிறார்! எத்தனை நூல்களில் இத்தகைய அடிக்குறிப்பு எழுதப்படாமலே போயிற்றோ?

மூடியின் பிடியை முறிக்க முதலில் கை ஓங்கியவர் அயர்லாந்துக்காரர் ஜார்ஜ் மூர். 1883-இல் வந்த அவரது முதல் நாவலை மூடி புழக்கத்தில் விட மறுத்தார். காரணம் கேட்கப் போன மூரிடம், ஓவியன் முன்னே ஒரு பெண் ஆடையின்றி நிற்கும் காட்சியைக் கண்டித்து நாட்டுப்புறச் சீமாட்டிகள் இருவர் கடிதம் எழுதியதாகச் சொன்னாராம். இரண்டு கடிதம்! ஒரு நாட்டின் வாசகர் முழுமைக்கும் தீர்ப்பு அதுதான். மூர் அடுத்த நூலை மூடியைத் தாண்டி, ஒரே தொகுதியாக, 6 ஷில்லிங் விலையிலே வெளியிட்டார். 1885-இல் மூடியைத் தாக்கி மூன்று பென்ஸ் விலையில் ஒரு துண்டு நூலும் விட்டார்.

மூருக்குத் துணை நின்ற பதிப்பாளர் ஹென்றி விஸிடெலி. நமக்கு நன்கு அறிமுகமான எமிலி ஜோலாவை மலிவு விலையில் ஆங்கிலமாக்கித் தந்தவர் இவர். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். விஸிடெலியும் வணிகர்தாம், ‘ஆற்றல் மிகுந்த யதார்த்த நாவல்கள்’ என்று ஜோலாவுக்கு அவர் ஒட்டிய முத்திரை விற்பனைக்காகத்தான். அந்தச் சொல்லே வினையாயிற்று. ‘யதார்த்தம்’ என்றாலே ஆபாசம் என்று ஒழுக்கக் காவலர் பொருள் செய்தனர். ஆபாசம் தேடியவர்களும் அவ்வாறே பொருள் செய்து வாங்கினர்! சுரங்கத் தொழிலாளியின் பசியும் குடியானவனின் மண்வெறியும் அந்த இரு கூட்டத்துக்கு நடுவே காணாமற்போயின. 1888-இல் நாடாளுமன்றத்திலே கண்டனம், பின் வழக்கு. ஜோலாவின் ‘மண்’ நாவலிலிருந்து பகுதிகள் நீதிமன்றத்தில் படிக்கப்பட்டபோது, இன்னும் கேட்கத்தான் வேண்டுமா என்று நடுவர் குழுவிலிருந்தே குரல் எழுந்தது. 100 பவுன் அபராதம். மறு ஆண்டு மீண்டும் வழக்கு. மூன்று மாதச் சிறை. 68 வயது முதியவருக்கு! பிரெஞ்சு கற்ற சீமான்கள் மூலநூலை லண்டனிலேயே வாங்கிப் படித்துக்கொண்டுதான் இருந்தனர். மலிவு ஆங்கிலப் படிதான் குற்றம். 1893-இல் அதே ஜோலா லண்டனுக்கு வந்தபோது பத்திரிகையாளர் கழகம் விருந்து வைத்து வரவேற்றது. 1894 புத்தாண்டு நாளிலே விஸிடெலி இறந்தார்.

இந்த மனப்பான்மை விக்டோரியா அரசியோடு மறைந்ததா? 1960-இல் பெங்குவின் நிறுவனம் டி. எச். லாரன்ஸின் ‘சாட்டர்லி சீமாட்டியின் காதலன்’ நாவலை 3 ஷில்லிங் 6 பென்ஸ் விலையில் 2,00,000 படிகள் அச்சிட்டது. வழக்கு. உங்கள் மனைவியோ வேலைக்காரரோ படிக்க நீங்கள் விரும்பும் நூலா இது என்று அரசு வழக்கறிஞர் நடுவரைப் பார்த்துக் கேட்டார். நல்ல வேளை, வேலைக்காரர் வைத்துக்கொள்ளும் வசதியில்லாதவர்களும் நடுவர் குழுவிலே இருந்திருப்பர் போலும். நிறுவனம் விடுதலை பெற்றது.

ஹார்டிக்கு வருவோம். 1889-இல் அவர் ‘டெஸ்’ என்னும் நாவலின் பகுதிகளை ஒரு பத்திரிகை நிறுவனத்துக்கு அனுப்பினார்; திரும்பிற்று. இன்னும் இரு திங்களேடுகள்; அவையும் மறுத்தன. 1890 சனவரியில் ‘நியூ ரெவியூ’ ஏட்டிலே ஹார்டி மனம் திறந்து எழுதினார். பத்திரிகையும் வாடகை நூலகமும் குடும்பம் முழுமைக்குமாகச் சரக்குத் தேடுகின்றன. ஆகவே வளர்ந்த மனிதன் வாழ்வைப் பற்றி அறிய வேண்டியதை நேர்மையாக எழுதும் வழி நாவலாசிரியனுக்கு அடைபட்டுவிட்டது என்பது அவர் வாதத்தின் சாரம். எழுதிவிட்டு, வயிறு இருக்கிறதே, தம் நூலைத் தாமே வெட்டினார்! 1891-இல் ‘கிராஃபிக்’ வார ஏட்டில் வந்த தொடரிலே, செல்வன் வீட்டு மகன் ஏழைப் பெண் டெஸ்ஸைக் கெடுத்த கொடுமை இல்லை. பொய்மணம் ஒன்று அங்கே நுழைந்தது. அவள் பெற்ற குழந்தையும் இல்லை. வெள்ளம் நின்ற பாதையிலே பால்காரப் பெண்களை இளைஞன் ஒருவன் தூக்கிக் கடத்தும் காட்சி ஒன்றுண்டு. தொடரில் அவன் ஒரு தள்ளுவண்டியைத் தேடிக் கொண்டுவந்து, அதிலே ஏற்றித்தான் கடத்த வேண்டியிருந்தது! ஆண் கை பெண் மேல் பட்டால் இங்கிலாந்து மூழ்கிவிடும் அல்லவா? நூலாக வந்தபோது வெட்டியவற்றை ஒட்டி, ‘தூய பெண்’ என்று துணைத்தலைப்பும் சேர்த்தார். சந்தை ஒட்டும் முத்திரைக்கு எதிராக, ஆசிரியர் தம் கையால் ஒட்டிய முத்திரை அது. அதற்குக் கிளம்பிய கூச்சல் கொஞ்சமன்று.

1894-இல் மூன்று தொகுதி நாவலின் ஆட்சி சரிந்தது. முரண் என்னவெனில், சரித்தவர் மூரும் அல்லர், ஹார்டியும் அல்லர். மூடியின் நிறுவனமும் ஸ்மித்தும்தான்! நாவல்கள் பெருகி அலமாரி பிதுங்கிற்று. மலிவுப் பதிப்பு விரைந்து வருவதால் பழைய படிகளை விற்க முடியவில்லை. எனவே, தொகுதிக்கு 4 ஷில்லிங்குக்கு மேல் தரமாட்டோம், ஓராண்டுக்குள் மலிவுப் பதிப்பு கூடாது என்று சுற்றறிக்கை விட்டனர். பதிப்பாளர் ஒற்றைத் தொகுதிக்குத் தாவினர். 1894-இல் 184 ஆக இருந்த மூன்று தொகுதி நாவல்கள், 1897-இல் நான்கே நான்கு.

கதவு திறந்தது. எழுத்து விடுதலை பெற்றது என்றா எண்ணுகிறீர்கள்? பழைய காவலாளி போனார். புதிய கூவி விற்பவர் வந்தார். ஜான் லேன் என்னும் பதிப்பாளர் 1893-இல் வெளியிட்ட ஒரு பெண் எழுத்தாளரின் சிறுகதைத் தொகுப்பு நன்கு விற்றது. உடனே அதன் பெயரிலேயே ஒரு நூல் வரிசை தொடங்கி, ஆப்ரி பியர்ட்ஸ்லி என்னும் ஓவியரின் கோட்டோவியங்களை அட்டையிலே பொறித்தார். ‘புதுமைப் பெண்’ நாவல், ‘மணப் பிரச்சினை’ நாவல் என்னும் சரக்கு சூடு பிடித்தது. 1895-இல் அந்த வரிசையிலே கிராண்ட் ஆலனின் ‘துணிந்து செய்த பெண்’ வந்தது; மணமின்றி வாழத் துணிந்தவள் கதை. ஒரே ஆண்டில் பல பதிப்புகள். அதே ஆண்டு, அதே வரிசையில், அதே பதிப்பாளர் ‘செய்யாத பெண்’ என்னும் தலைப்பில் வேறொருவர் நாவலையும் விற்றார்! கொள்கைப் போராட்டமா இது? செய்தாலும் காசு, செய்யாவிட்டாலும் காசு.

ஜூட் நூலாக வந்தது அதே 1895 நவம்பரில். ஒற்றைத் தொகுதி, 6 ஷில்லிங். ‘ஹார்ப்பர்ஸ்’ திங்களேட்டில் வழக்கம்போல் வெட்டுண்டு தொடராக வந்து, பின் முழுமை பெற்று வெளிப்பட்டது. வெளிப்பட்ட நேரம் பாருங்கள்! கடைப்பலகை முழுதும் மணப் பிரச்சினை. பத்திரிகை முழுதும் மணப் பிரச்சினை. ஜூட்டும் அந்தப் பலகையிலே வைக்கப்பட்டான். ஆலிஃபன்ட் அம்மையார் ஹார்டியையும் கிராண்ட் ஆலனையும் ஒரே கட்டிலே கட்டித்தான் அடித்தார். இருபத்தேழு ஆண்டுக்கு முன் ‘ஏழையும் சீமாட்டியும்’ எழுதிய கை, சுருட்டிய கொடியை மறுபடி விரித்து, கற்ற பெருமக்களே, உங்கள் கல்லூரியைக் கட்டியவனுக்கு அதிலே இடமில்லையா என்று கேட்டது. கேட்ட கேள்வி, கடைக்காரர் சத்தத்திலே அமுங்கிப் போயிற்று.

முத்திரையே வேண்டாம் என்பது என் கட்சியன்று. காசை எண்ணிப் பார்த்து நூல் வாங்குபவனுக்கு அடையாளம் வேண்டும். ஜான் லேனின் உறவினரும், அவரது நிறுவனத்திலேயே தொழில் பழகியவருமான ஆலன் லேன், 1935-இல் பெங்குவின் நூல்களை ஆறு பென்ஸ் விலைக்குத் தந்தபோது, நாவலுக்கு ஆரஞ்சு வண்ணம், துப்பறியும் கதைக்குப் பச்சை, வாழ்க்கை வரலாற்றுக்குக் கருநீலம் என அட்டைக்கு நிறம் பிரித்தார். ஆறு பென்ஸ் கையிலுள்ள தொழிலாளிக்கு அது பேருதவி. ஹார்டியே 1912 பதிப்பிலே தம் நாவல்களை மூன்று வகையாகப் பிரித்து வரிசைப்படுத்தினார். பரபரப்புக் கதையாகப் பிறந்த முதல் நூலையும், மேட்டுக்குடியை நகைத்த அந்தக் கதையையும் ‘சாதுரியக் கதைகள்’ என ஒரு மூலையில் வைத்தார். சந்தைக்கு அஞ்சி எழுதியதையும், சந்தை வெறுத்ததையும் ஒரே மூலையிலா வைப்பது? அந்தத் தீர்ப்பு எனக்கு உடன்பாடன்று.

ஜூட்டுக்குப் பின் ஹார்டி புதிய நாவல் எழுதவில்லை. முன்பு தொடராக வந்த ஒன்றை 1897-இல் திருத்தி நூலாக்கியதோடு சரி. எஞ்சிய முப்பதாண்டும் கவிதைக்கே. 1928-இல் மறைந்தபோது, அவரது சாம்பல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்திலே, நாட்டின் பெரும்புலவர் வரிசையில் வைக்கப்பட்டது.

1899-இல் ஆக்ஸ்ஃபோர்டு நகரிலேயே தொழிலாளருக்கெனக் கல்விக்கூடம் ஒன்று தோன்றிற்று; பின்னர் ரஸ்கின் கல்லூரி எனப் பெயர் பெற்றது அதுவே. ஜூட் நாவலின் 1912 பதிப்புக்கு எழுதிய பின்குறிப்பிலே ஹார்டி அதைக் குறிப்பிடுகிறார். அக்கல்லூரிக்கு ஜூட்டின் பெயரையே வைத்திருக்க வேண்டும் என்று வாசகர் சிலர் கருதினராம்.